‘இல்லை’ என்று சொன்ன சீட்டு



சென்ற பள்ளி விடுமுறையில் செராஸில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். தோட்டத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு விடுமுறை என்றால் பட்டணத்து உறவினர் வீடுதான். புதன்கிழமை தாமான் கன்னாட் இரவுச் சந்தைக்குப் போக வேண்டும், என்னென்ன வாங்கித் தின்ன வேண்டும் என்று என் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு முன்பே பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். அன்று நாங்கள் சந்தைக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன்.

அக்கா மகனுக்கு வயது பத்தொன்பது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. பனடோல் கொடுத்து, கஞ்சி கொடுத்து, ஈரத்துணி போட்டு நான்கைந்து நாள் ஓட்டியிருக்கிறாள் அக்கா. நாங்கள் போய்ச் சேர்ந்த புதன்கிழமை காலையில்தான் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சின்னப் பட்டையில் விட்டுப் பார்த்தார்களாம். கோவிட் சமயத்தில் நாமெல்லாம் வீட்டிலேயே மூக்கைக் குடைந்து பார்த்தோமே, அதே மாதிரிப் பட்டைதான். ஒரு கோடுதான் விழுந்தது. ‘என்.எஸ்.1 நெகட்டிவ்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

“டிங்கி இல்லையாம்டி! காய்ச்சலும் காலையிலிருந்து இறங்கிடுச்சு. மாரியாத்தா புண்ணியம்,” என்று அக்கா அந்தச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டாள்.

பையனோ சுருண்டு படுத்துக் கிடந்தான். “சின்னம்மா, வயிறு வலிக்குது,” என்றான். மதியத்துக்குள் மூன்று முறை வாந்தி எடுத்தான். எங்கள் பள்ளி அலுவலகத்துச் சுவரில் சுகாதார அமைச்சின் டிங்கி சுவரொட்டி ஒன்று ஆண்டுக்கணக்காகத் தொங்குகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கண்ணில் படும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி என்று அதில் போட்டிருக்கும். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அது பாடமாகிவிட்டது.

“அக்கா, இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்,” என்றேன்.

“அதான் இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே! அதோட இவனுக்குப் பத்து வயசுலேயே டிங்கி வந்து போயிடுச்சு. ஒரு தடவை வந்தா மறுபடி வராது,” என்றாள் அக்கா.

அவள் சொன்ன இரண்டு காரணங்களும் தவறு என்பது அன்றிரவு தெரிந்தது. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தட்டணுக்கள் விழுந்திருந்தன, இரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. ஐ.ஜி.எம் என்ற வேறொரு சோதனை செய்தார்கள். அதில் டிங்கி இருப்பதாகக் காட்டியது. நான்கு நாள் நரம்பில் நீர் ஏற்றி வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். இன்னும் ஒரு நாள் அந்தச் சீட்டை நம்பி வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்காவிடம் நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

வார்டில் இருந்த இளம் டாக்டர் தமிழ்ப்பிள்ளை. நான் ஆசிரியை என்று தெரிந்ததும் பொறுமையாகப் பேசினார். “சோதனைப் பட்டை கெட்டுப்போனது இல்லை டீச்சர். ஆறாவது நாள்ல இந்த ஒண்ணை மட்டும் வெச்சு ‘இல்லை’ன்னு முடிவு சொன்னதுதான் தப்பு,” என்றார். அவர் சொன்னதையும், ஊர் திரும்பிய பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் மாண்டார்கள். எந்த வீட்டுக்கும் ஒருநாள் இந்தச் சீட்டு வரலாம்.

என்.எஸ்.1 என்பது டிங்கிக் கிருமி நம் இரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். காய்ச்சல் கண்ட முதல் நாளிலிருந்தே அது இரத்தத்தில் இருக்கும்; அந்தப் பட்டை அதைப் பிடித்துவிடும். ஐந்து நாள் ஆகும்போது நம் உடம்பு எதிர்ப்பொருள்களைத் தயாரித்து அந்தப் புரதத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்ட புரதம் பட்டைக்கு அகப்படாது. அந்த எதிர்ப்பொருளைத் தேடுவதுதான் ஐ.ஜி.எம் சோதனை. அதை முதல் நாளில் செய்தால் ஒன்றும் தெரியாது. நான்கைந்து நாளுக்குப் பிறகுதான் காட்டத் தொடங்கும். ஒன்று முன்வாசல் காவல்காரன், மற்றது பின்வாசல் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்வாசல்காரனைக் கேட்டால், அவன் பார்க்கவில்லை என்றுதான் சொல்வான்.

இன்னொன்றும் இருக்கிறது. டிங்கிக் கிருமியில் நான்கு வகை. ஒருவகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு. மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வரும்போது பழைய எதிர்ப்பொருள் ஏற்கெனவே உடம்பில் இருப்பதால் அது சீக்கிரமே பெருகி என்.எஸ்.1-ஐக் கவ்விவிடுகிறது. அதனால் இரண்டாம் முறை வந்தவர்களிடம் இந்தப் பட்டை அதிகம் பேரைத் தவறவிடுகிறது. அவர்களுக்குத்தான் நோய் கடுமையாகும் வாய்ப்பும் அதிகம். யாருக்கு ஆபத்து கூடுதலோ அவரிடம் பட்டையின் திறமை குறைவு. என் அக்கா மகன் அப்படிப்பட்டவன்தான். காய்ச்சல் இறங்கியதும் அக்கா மகிழ்ந்தாளே, டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் வருகிறது என்பதையும் டாக்டர் சொன்னார்.

அப்படியென்றால் பெட்டியின் மேல் இத்தனை விழுக்காடு துல்லியம் என்று அச்சடித்திருக்கிறார்களே, அது பொய்யா? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. நானும் வருடம் முழுதும் சோதனைத் தாள் தயாரிக்கிறவள்தானே!

ஒரு சோதனையை எப்படி எடைபோடுகிறார்கள் தெரியுமா? நோய் உண்டா இல்லையா என்று மிகவும் நம்பகமான வேறு முறையில் முன்பே உறுதி செய்யப்பட்ட ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் புதிய சோதனையைச் செய்து இரண்டு கணக்கு எடுக்கிறார்கள். நோய் உள்ள நூறு பேரில் எத்தனை பேரை அது பிடித்தது என்பது ஒன்று. நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிட்டது என்பது மற்றொன்று. முதலாவதைச் சென்சிட்டிவிட்டி என்றும் இரண்டாவதை ஸ்பெசிஃபிசிட்டி என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். நாம் பிடிக்கும் திறன், விடும் திறன் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு. வருகிறவர் போகிறவர் எல்லோரையும் திருடன் என்று பிடிக்கும் காவல்காரனுக்குப் பிடிக்கும் திறன் நூற்றுக்கு நூறு. ஆனால் அவனை வேலைக்கு வைக்க முடியுமா?

சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், அந்தக் கூட்டத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில். நான் ஒரு கணக்குத் தாள் தயாரித்து, வகுப்பில் முதல் மாணவியிடமும் வாய்ப்பாடே தெரியாத பையனிடமும் மட்டும் கொடுத்துப் பார்த்தால், “அடடா, என்ன அருமையான தாள், கெட்டிக்காரரையும் மற்றவரையும் அப்படியே பிரித்துக் காட்டுகிறதே!” என்றுதான் தோன்றும். நடுவில் இருக்கும் இருபத்தைந்து பிள்ளைகளிடம் கொடுத்தால் அல்லவா தாளின் இலட்சணம் தெரியும்? நோய் முற்றிய ஆட்களையும் ஒரு குறையும் இல்லாத ஆரோக்கியசாலிகளையும் மட்டும் வைத்து ஒரு சோதனையை அளந்தால் அது பிரமாதமாகத் தேறும். கிளினிக் வாசலில் வந்து நிற்பவர்களோ நடுவில் இருப்பவர்கள். சாதாரணக் காய்ச்சலா, டிங்கியா, எலிக்காய்ச்சலா என்று தெரியாதவர்கள். இரண்டாம் நாள் வந்தவர், ஆறாம் நாள் வந்தவர் என்று கலந்து வருபவர்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண், அது எந்த ஆட்களிடம், எந்த நாளில் அளக்கப்பட்டதோ அவர்களுக்கான எண்.

‘இருக்கிறது’ என்று வரும் சீட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு விழுக்காட்டுப் பாடம்தான், பயம் வேண்டாம். பேச்சுக்கு, ஒரு தோட்டத்தில் ஆயிரம் பேர். ஒரு நோய் அவர்களில் பத்துப் பேருக்கு இருக்கிறது. நம் சோதனைக்குப் பிடிக்கும் திறன் 90, விடும் திறனும் 90. ஆயிரம் பேருக்கும் செய்கிறோம். நோய் உள்ள 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடுகிறது. நல்லது. நோய் இல்லாத 990 பேரில் பத்தில் ஒருவரை, அதாவது 99 பேரைத் தவறாகப் பிடிக்கிறது. ஆக ‘இருக்கிறது’ என்ற சீட்டு 108 பேர் கையில். அவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேர். பன்னிரண்டு பேர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால் அவர்களில் பதினொரு பேர் வீணாக அழுகிறார்கள்.

அதே சோதனையை, அந்த நோயின் அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்த ஆயிரம் பேரிடம் செய்வோம். அவர்களில் பாதிப்பேருக்கு, 500 பேருக்கு, நோய் இருக்கிறது என்று வையுங்கள். பிடிபடும் உண்மை நோயாளிகள் 450. தவறாகப் பிடிபடுவோர் 50. இப்போது ‘இருக்கிறது’ என்ற சீட்டு பத்துக்கு ஒன்பது முறை உண்மை. பட்டை மாறவில்லை, இரத்தச் சொட்டு மாறவில்லை. வரிசையில் நிற்பவர்கள் மாறியிருக்கிறார்கள். இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள் “சும்மா எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம்” என்று முப்பது நாற்பது சோதனை அடங்கிய பொட்டலத்தை வாங்குகிறார்களே, அவர்களில் பலர் ஏதாவது ஒன்றில் சிவப்பு எழுத்து வாங்கி வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

கோவிட் சுயசோதனைப் பெட்டிகளுக்கு நம் நாட்டில் 2021 ஜூலையில் அனுமதி கிடைத்தது. செப்டம்பரில் அரசாங்கம் உச்சவிலையை 19 வெள்ளி 90 காசாக்கியது. அதற்குப் பிறகு மருந்தகங்களில் வாங்கிக் குவித்தோம். ‘ஒரு கோடுதான்’ என்று கல்யாணத்துக்குப் போய்வந்து மறுநாள் இரண்டு கோடு கண்டவர்கள் எத்தனை பேர்! கிருமி குறைவாக இருக்கும் ஆரம்ப நாளில் அந்தப் பட்டைக்குப் பிடிக்கும் திறன் குறைவு. சரியாகக் குடையாமல் மூக்கு நுனியில் தடவியவர்களுக்கு இன்னும் குறைவு.

இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. அது காசநோயைப் பற்றியது. சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து நுண்ணோக்கியில் கிருமியைத் தேடுவது பழைய முறை. அது மெதுவானது, பலரைத் தவறவும் விடும். ஆகவே இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசநோயைச் சொல்லிவிடலாம் என்று பல கம்பெனிகள் சோதனைகளை விற்றன. ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் இப்படிச் செய்யப்பட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியா போன்ற நாடுகளின் ஏழைகள். ஒரு சோதனைக்கு 30 டாலர் வரைகூடக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 94 ஆய்வுகளை எடுத்து வைத்துப் பார்த்தது. பிடிக்கும் திறன் ஓர் ஆய்வில் பூஜ்யம், இன்னோர் ஆய்வில் நூறு! விடும் திறன் 31-இலிருந்து 100 வரை. ஒரு மாணவன் ஒரே பாடத்தில் ஒருநாள் பூஜ்யமும் மறுநாள் நூறும் வாங்கினால் நான் அவனையா சந்தேகிப்பேன், தாளையா? காசநோய் இல்லாதவர் மாதக்கணக்கில் மருந்து விழுங்கினார். இருந்தவர் ‘இல்லை’ என்ற சீட்டோடு வீட்டுக்குப் போய் இருமிக்கொண்டிருந்தார். 2011 ஜூலையில் இந்தச் சோதனைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று அந்த நிறுவனம் சொன்னது. 2012-இல் இந்திய அரசாங்கம் அவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. அத்தனை காலமும் விற்றவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்க இவ்வளவு நாள் ஆனதை நினைத்தாலும் வருகிறது.

இந்த அளவுகோலின் கதையிலும் காசநோய்க்குப் பங்கு உண்டு என்பது ஆச்சரியம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் திரள் திரளாக மக்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எந்த அளவுப் படம் சிறந்தது என்ற கேள்வி வந்தது. ஒரே ஆட்களைப் பலவகைப் படம் எடுத்து அனுபவமுள்ள நிபுணர்களிடம் கொடுத்தார்கள். படங்களுக்குள் இருந்த வேற்றுமையைவிட நிபுணர்களுக்குள் இருந்த வேற்றுமை பெரிதாக இருந்தது! ஒருவர் ‘நோய்’ என்ற படத்தை மற்றவர் ‘சுத்தம்’ என்றார். அதைவிட வேடிக்கை, அதே நிபுணரிடம் அதே படத்தைச் சில காலம் கழித்துக் கொடுத்தால் தாம் முன்பு சொன்னதையே மாற்றிச் சொன்னார். ஜேக்கப் யெருஷால்மி என்ற புள்ளிவிவர அறிஞர் 1947-இல் இதைப்பற்றி எழுதும்போது நான் மேலே சொன்ன இரண்டு திறன்களையும் தனித்தனியாகப் பெயரிட்டுப் பிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கட்டுரைத் தாள் திருத்துகிற யாரும் சிரிக்க மாட்டார்கள். காலையில் காப்பி குடித்துவிட்டு 17 போட்ட கட்டுரைக்கு இரவு பதினொரு மணிக்கு 13 போடுகிற கை இது. திரும்பச் செய்தால் அதே விடை வருகிறதா என்பது ஒரு தனிக் குணம். அது இருப்பதாலேயே விடை சரி என்றும் ஆகிவிடாது. ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் கடிகாரம் தினமும் ஒழுங்காக ஐந்து நிமிடம் பிந்தித்தான் ஓடும்.

ஆகவே, சகோதரிகளே, கிளினிக்கில் சீட்டைக் கையில் கொடுக்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள். காய்ச்சல் கண்டு எத்தனையாவது நாள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். பல நேரங்களில் யாரும் கேட்பதில்லை. முன்பு டிங்கி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்றைக்குச் செய்தது எந்தச் சோதனை, இந்த நாளுக்கு அது பொருந்துமா, நாளைக்கு மறுபடியும் இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டுமா, எந்த அறிகுறி கண்டால் சீட்டைப் பார்க்காமல் ஓடி வர வேண்டும் என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் வார்டு டாக்டர் தினம் இரண்டு மூன்று முறை இரத்தம் எடுக்கச் சொன்னபோது “ஏன் பிள்ளையைக் குத்திக்கிட்டே இருக்கீங்க?” என்று அக்கா கேட்டதற்கே அவர் கோபிக்கவில்லை. ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, எண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறோம் என்றார்.

பையன் வீட்டுக்கு வந்த அன்று மாலை அக்கா தன் சர்க்கரைக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இனிப்புநீர் எட்டு வருடமாக. நம் நாட்டில் இந்தியர்களிடம்தான் அது மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். குத்திப் பார்த்தாள், 9.8.

“இதுவும் பொய் சொல்லுமாடி?” என்றாள்.

வீட்டுக் கருவிகளுக்கு ஓர் உலகத் தரம் இருக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் 10 என்று வந்தால் வீட்டுக் கருவி எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை எது காட்டினாலும் அந்தத் தரத்துக்கு உட்பட்டதுதான். நேற்று 7.8, இன்று 8.4 என்று ஏறிவிட்டதே என அழ வேண்டியதில்லை, நேற்றைவிட இறங்கிவிட்டது என்று இரண்டு லட்டு தின்னவும் வேண்டியதில்லை என்றேன். பிறகு அவள் கையைப் பார்த்தேன். மகனுக்காக மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“முதல்ல சோப்பு போட்டுக் கழுவிட்டு, நல்லாத் துடைச்சிட்டு வாக்கா.”

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்து இன்னொரு விரலில் குத்தினாள்.

7.6.

கருவியை ஒருமுறை பார்த்தாள், மாம்பழத் தட்டை ஒருமுறை பார்த்தாள். எழுந்து போய், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதுவரை அப்படியே ஒட்டியிருந்த அந்தக் கிளினிக் சீட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.